நான் நிறுத்திய பஸ்

எனக்குச் சுத்தம் செய்கிற வியாதி உண்டு. அழுக்கைத் துடைக்கிற வியாதி அல்ல (அது இருந்திருந்தால் அம்மா எனக்குக் கோயிலே கட்டியிருப்பாள்). வேண்டாததைத் தூக்கி எறிகிற வியாதி. எது வேண்டாதது என்று தீர்மானிப்பதும் நானேதான். அண்ணனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், குக்கர் வெயிட்டு, நைனாவின் வலதுகால் செருப்பு என்று என் கைபட்டுக் காணாமல் போனவை ஏராளம். அவையெல்லாம் வீட்டுக்குள் முடிந்துபோன குற்றங்கள். ஒரே ஒரு முறை அந்த வியாதியை வேலைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்குச் சித்தூர் சாலையில் மாங்காய் டிராக்டர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றன.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தினமும் காலையில் ரயில் பிடித்துத் திருப்பதிக்குப் போவேன். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், எங்கள் ஆபீஸ். மொத்தம் மூன்று பேர். முதலாளி பாஸ்கர் சார், நான், எப்போதும் லீவில் இருக்கும் ஒருவர். தொழிற்சாலைகளில் லாரி, டிராக்டர்களை எடைபோடுகிற மேடை இருக்கும் அல்லவா, அந்த எடையை வாங்கிப் பதிந்து சீட்டு அடிக்கிற கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது எங்கள் வேலை. ஊரில் நைனா இதை "என் பொண்ணு திருப்பதியில கம்ப்யூட்டர் இஞ்சினீரு" என்று சுருக்கமாகவும், கேட்பவருக்கு நேரம் இருந்தால் விரிவாகவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நைனா பெயர் முனிரத்தினம். வாழ்நாளில் பாதியை அடுத்தவர் தோப்பில் கூலிக்கு மாங்காய் பறித்தே கழித்தவர். பிறகு எப்படியோ முட்டி மோதி மூன்று ஏக்கர் நிலத்தைத் தன் பெயருக்கு ஆக்கி, அதில் கிளிமூக்கு மாங்கன்று நட்டார். நட்ட நாளிலிருந்து அந்தக் கன்றுகளிடம் பேசுகிற அளவுக்கு எங்களிடம் அவர் பேசியதில்லை. அந்த வருஷம்தான் முதல்முறையாக ஒரு டிராக்டர் நிறையக் காய் வந்தது. சொந்த மரம், சொந்தக் காய், முதல் லோடு.

சித்தூருக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு மாங்கூழ் ஃபாக்டரிக்குத்தான் அந்த லோடு போக வேண்டும். அங்கே எடை மேடைக் கம்ப்யூட்டர் எங்களுடையது. ஜூன் மாதம் வந்தால் அந்த ஃபாக்டரி வாசலில் டிராக்டர்கள் ஒரு நாள், இரண்டு நாள்கூட நிற்கும். ஒரே மேடையில் லோடோடு உள்ளே போகும்போது ஒரு எடை, காலி வண்டியாகத் திரும்பும்போது ஒரு எடை. அதனால் அந்த வருஷம் காலி வண்டிகளுக்கென்று இரண்டாவது மேடை கட்டியிருந்தார்கள். அதை கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டால் கூட்டம் பாதியாகிவிடும். இணைக்கிற வேலை எனக்கு.

"நைனா, நீ செவ்வாய்க்கெழம காத்தால வா. ரெண்டாவது மேடைய ஓட வெச்சிட்றேன். அரை அவர்ல ஊட்டுக்குத் திரும்பிடலாம்" என்று நானே சொன்னேன். (இந்த வாக்கியம் பிற்பாடு எங்கள் வீட்டில் பலமுறை, பல குரல்களில் திருப்பிச் சொல்லப்பட்டது.)

வேலை இதுதான். புது மேடையின் ஒயரைச் செருக கம்ப்யூட்டரில் ஒரு புது அட்டை பொருத்த வேண்டும். பொருத்தினால் மட்டும் போதாது. அந்த அட்டை யார் என்று கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டும். இயங்குதளத்தின் நட்டநடுவில் கெர்னல் என்று ஒன்று உண்டு. டிஸ்க், கீபோர்டு, பிரிண்டர் எல்லாவற்றோடும் பேசுவது அதுதான். எதெதோடு பேச வேண்டும் என்று ஒரு நீளமான பட்டியலில் டிக் அடித்து, அதற்கேற்ப கெர்னலைப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். பாஸ்கர் சார் எல்லா வாடிக்கையாளருக்கும் தன் கையாலேயே சிறியதாகக் கட்டித் தருவார். அதில் இந்தப் புது அட்டைக்கு டிக் இல்லை. அதை நான் அடிக்க வேண்டும். ஒரே ஒரு டிக்.

செவ்வாய்க்கிழமை பாஸ்கர் சார் திருமலைக்கு முடி காணிக்கை கொடுக்கப் போகிறார். அதனால் முதல் நாளே ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். "ஒன்றை மட்டும் ஆன் செய். வேறு எதையும் தொடாதே. பழைய கெர்னலை அப்படியே வைத்திரு." மூன்றே வரி. இன்றைக்கு நினைத்தாலும் அதைவிடத் தெளிவாக ஒருவர் எழுதியிருக்க முடியாது.

காலை எட்டு மணிக்கு ஃபாக்டரிக்குப் போனேன். எடை எழுதும் சலபதி அண்ணா நாற்காலி போட்டுக் கொடுத்து டீ சொன்னார். அறை ஜன்னலுக்கு வெளியே டிராக்டர்கள் வரிசையாக நின்றன. பதினோராவதோ பன்னிரண்டாவதோ எங்களுடையது. நைனா இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். மாங்காய் லோடோடு வருகிறவர் யாரும் இஸ்திரி போட்ட சட்டையில் வருவதில்லை. முன்னால் நின்றவரிடமும் பின்னால் நின்றவரிடமும் ஜன்னலைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"உள்ள குந்திக்கினு கீதே, அது என் பொண்ணுதான். ரெண்டாவது மேடை இன்னிக்கு அதுதான் ஓட்டப் போவுது."

"மீ அம்மாயா?" உங்கள் மகளா என்று ஒரு மீசைக்காரர் தெலுங்கில் வியந்தார்.

"அவுனு, மா அம்மாயே." நைனா மீசைக்காரருக்கு மட்டுமில்லாமல் ரோட்டுக்கே கேட்கும்படி சொன்னார்.

எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. நிமிர்ந்த முதுகோடு பட்டியலைத் திறந்தேன். புது அட்டைக்கு டிக் அடித்தேன். வேலை முடிந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

நிறுத்தவில்லை. பட்டியலில் மேலே ஏறிப் பார்த்தேன். "பி.சி.ஐ. பஸ்" என்று ஒன்று இருந்தது. அதன் கீழே "பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்" என்று இன்னொன்று. கம்ப்யூட்டருக்குள் தகவல் போய்வரும் பாதைக்கு பஸ் என்று பெயர். என் கையில் இருந்த அட்டையின் டப்பாவில் "எக்ஸ்பிரஸ்" என்றுதான் போட்டிருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். பழைய பி.சி.ஐ. அட்டைகளைச் செருகுகிற வெள்ளைச் செருகுவாய் ஒன்றுகூட இல்லை. தினமும் ரயிலில் போய்வரும் என் மூளை உடனே வேலை செய்தது. எக்ஸ்பிரஸ் இருக்கும்போது பாசஞ்சர் எதற்கு?

பாசஞ்சரை ரத்து செய்தேன்.

நான் ரத்து செய்தது பாசஞ்சரை அல்ல, தண்டவாளத்தை. எக்ஸ்பிரஸும் அதன் மேல்தான் ஓடுகிறது. டிஸ்க், நெட்வொர்க், யு.எஸ்.பி. எல்லாமே அதன் மேல்தான் ஓடுகின்றன. இது அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த ஒரு டிக்கை எடுத்ததும் பட்டியல் மளமளவென்று சுருங்கியது என்பதுதான். நூற்றுக்கணக்கான வரிகள் தாமாகவே மறைந்துபோயின. பயந்திருக்க வேண்டும். எனக்கோ பரணை ஒழித்த நிம்மதி. (மறைந்தவற்றில் எந்த அட்டைக்காக நான் வந்தேனோ அந்த அட்டையின் டிக்கும் ஒன்று. அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. ரசித்துக்கொண்டிருந்தேன்.)

கட்டும் வேலையை ஓடவிட்டேன். அதற்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும் என்று பாஸ்கர் சார் சொல்லியிருந்தார். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது! சார் இத்தனை வருஷமாக நேரத்தை வீணடித்திருக்கிறாரே என்று அவருக்காக வருத்தப்பட்டேன். புதியதை வைக்க இடம் போதவில்லை என்று ஒரு எச்சரிக்கை வந்தது. பழைய கெர்னலை அழித்து இடம் உண்டாக்கினேன். துண்டுச்சீட்டின் மூன்றாவது வரியும் ஆயிற்று.

"சலபதி அண்ணா, ஐந்து நிமிஷம் நிறுத்திக்கலாமா?"

"எந்த சேப்பு?" எவ்வளவு நேரம் என்று கேட்டார்.

"ஐந்தே நிமிஷம் அண்ணா."

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடி நின்றன. டிஸ்க்கையே காணோம், இதற்கு மேல் என்னால் ஆகாது என்பது அதன் சாரம். இந்த நிலைக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் "கெர்னலுக்குப் பீதி" என்று வரும். கெர்னலுக்குப் பின்னால் எனக்கும் வந்தது. கீபோர்டைத் தட்டினேன். அதுவும் யு.எஸ்.பி. கீபோர்டு. தண்டவாளம் இல்லாத ஊரில் அது என்ன செய்யும்?

அணைத்துப் போட்டேன். பீதி. மறுபடி அணைத்துப் போட்டேன். மறுபடி பீதி. பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பார்த்தால், அதைத்தான் நான் பத்து நிமிடம் முன்னால் பெருக்கித் தள்ளியிருந்தேனே.

பாஸ்கர் சாருக்கு போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகத் தெலுங்கில் ஒரு பெண் சொன்னாள். திருமலையில் தரிசன வரிசைக்குள் போவதற்கு முன் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது ஆந்திராவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் பதினேழு தடவை அடித்தேன். வேறு என்ன செய்ய?

பத்தரை மணிக்கு ஜன்னலில் நைனாவின் முகம் தெரிந்தது.

"இன்னா கண்ணு, வண்டி நவுரவே மாட்டேங்குதே?"

நைனாவிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. உள்ளதைச் சொன்னேன். "பஸ்ஸ எடுத்துட்டேன் நைனா."

"பஸ்ஸா? எந்த பஸ்ஸு?"

"உள்ள இருக்கற பஸ்ஸு. எல்லாமே அதுலதான் போவுதாம். எனக்குத் தெரியல."

நைனா அறையின் உள்பக்கத்தை ஒருமுறை கண்ணால் துழாவினார். மேஜை, நாற்காலி, சலபதி அண்ணா. பஸ் எதுவும் தென்படவில்லை. "சரி, பதறாத. பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வரிசையில் கேட்டவர்களுக்கு, தான் புரிந்துகொண்ட அளவில் பதிலும் சொல்லியிருக்கிறார்: "ஏதோ பஸ்ஸு பிரச்சனையாம்."

அது வரிசையில் பின்னால் போகப் போக வளர்ந்தது. பஸ் நின்றுவிட்டதாம். பஸ் குறுக்கே நிற்கிறதாம். முக்கில் பஸ் கவிழ்ந்துவிட்டதாம். அரைமணி நேரத்தில் இரண்டு பேர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸைத் தூக்கிவிட மெயின் ரோட்டுக்கே நடந்து போய்விட்டார்கள். ஒரு அம்மா ஜன்னலுக்கு வந்து என் கலங்கிய கண்களைப் பார்த்து, "அழுவாத தாயி. உங்க ஊட்டுக்காரங்க யாருனா அதுல வந்தாங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். எனக்காகக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

போன இரண்டு பேரும் திரும்பி வந்து ரோட்டில் ஒரு பஸ்ஸும் கவிழவில்லை என்று சொன்னபோது மணி பன்னிரண்டு. வெயில் தகித்தது. டிராக்டர்களுக்கு மேல் ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது. அடியில் கிடக்கிற காய் சூட்டில் வெந்து நசுங்கினால் ஃபாக்டரி வாங்காது. வெறும் தாமதம் என்று இருந்தது இப்போது கோபமாயிற்று. "மிஷினு கெடுத்தது ஒரு அம்மாயியாம்" என்கிற சரியான செய்தி கடைசியில் வரிசைக்கு எட்டியது.

நான் தண்ணீர் குடிக்க அறைக்குப் பின்பக்கம் போயிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மீசைக்காரரின் குரல் கேட்டது. தெலுங்கும் தமிழும் கலந்து கத்திக்கொண்டிருந்தார்.

"யோவ் முனிரத்தினம், அது மீ அம்மாயின்னு காத்தால செப்பினாவு கதா?"

"நானா?" இது நைனாவின் குரல். "நான் எப்பய்யா சொன்னேன்?"

"செப்பினாவய்யா! ஜன்னல காட்டி செப்பினாவு!"

"எங்க ஊரு பொண்ணுன்னு சொல்லியிருப்பேன்." ஒரு செருமல். பிறகு, "அதுவும் எங்க தெரு இல்ல. பக்கத்துத் தெரு."

டம்ளர் என் கையிலேயே இருந்தது. முதலில் கோபம் வந்தது. அப்புறம் அழுகை வந்தது. அப்புறம் எட்டிப் பார்த்தேன். நைனா இஸ்திரி சட்டையைக் கழற்றி, நனைத்து, எங்கள் லோடின் மேல் வெயில் அதிகம் படுகிற மூலையில் விரித்துவிட்டு பனியனோடு நின்றார். ஒரு சட்டை எத்தனை காயை மூடும்? நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் என்னைப் பக்கத்து மாவட்டத்துக்கே தள்ளிவிட்டிருப்பேன்.

இரண்டு மணிக்கு போன் அடித்தது. பாஸ்கர் சார்.

"கோமதி! அருமையான தரிசனம்மா! கூட்டமே இல்ல. கண்ணு குளிரப் பார்த்தேன். என்ன, பதினேழு மிஸ்டு கால்?"

"சார், கம்ப்யூட்டர் எழுந்திருக்கல சார்."

"ஒண்ணை ஆன் பண்ணச் சொன்னேன். பண்ணினியா?"

"பண்ணினேன் சார். ஒண்ணை ஆஃபும் பண்ணினேன்."

"எதை?"

"பி.சி.ஐ."

"...முழுசாவா?"

"முழுசா சார்."

"பழைய கெர்னல்?"

"இடம் போதல சார்."

"கோவிந்தா" என்றார் பாஸ்கர் சார். அது சாமியைக் கூப்பிட்டதா, என் வேலையைச் சொன்னாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

மலையிலிருந்து இறங்கி, ஆபீசில் இருக்கும் பென் டிரைவை எடுத்துக்கொண்டு, சித்தூர் பஸ் பிடித்து வர எப்படியும் மூன்று மணி நேரம் ஆகும் என்றார். அதுவரை? எடை காட்டுகிற சின்னக் கருவி மேடைக்குப் பக்கத்துக் கூண்டில் தனியாக இருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை, சிவப்பு எழுத்தில் எடையைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பார்த்து கையால் எழுதுங்கள் என்றார்.

காலை பத்து மணியிலிருந்து அந்தச் சிவப்பு எழுத்து என் கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்தது. எனக்குத் தோன்றவில்லை. சலபதி அண்ணாவுக்குத் தோன்றியிருந்ததாம். "நீ இஞ்சினீரு கதா, நான் எப்படிம்மா சொல்றது?" என்றார்.

மேனேஜர் கைச்சீட்டு கூடாது என்றார். முன்பு ஒரு சீசனில் அதனால் அடிதடியே நடந்திருக்கிறது. பிறகு ஜன்னல் வழியாக வெளியே ஒருமுறை பார்த்துவிட்டு, கூடும் என்றார். ஆனால் ஃபாக்டரி சார்பில் ஒருவர், விவசாயிகள் சார்பில் ஒருவர், இரண்டு கையெழுத்தும் ஒவ்வொரு சீட்டிலும் வேண்டும். நான் கூண்டில் நின்று எடையை மைக்கில் படிக்க வேண்டும் (வண்டி நம்பர் கூப்பிட அங்கே ஒரு ஒலிபெருக்கி இருந்தது). அறையில் சலபதி அண்ணா எழுதுவார்; பக்கத்தில் விவசாயிகளின் ஆள் சரிபார்ப்பார்.

"மீ ஆளு யாரு?" என்று மேனேஜர் கேட்டார்.

"முனிரத்தினத்த போடுங்க. நம்பர்ல கெட்டி. பொய் பேச மாட்டான்" என்று வரிசையில் யாரோ சொன்னார்கள்.

இரண்டு மணி நேரம் முன்னால் பெற்ற மகளையே பக்கத்துத் தெருவுக்கு அனுப்பிய மனிதர், பனியனோடு வந்து அறைக்குள் உட்கார்ந்தார். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நானும் யாரோ போல மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் டிராக்டர் மேடை ஏறியது. "ஆறு வேல நூட அரவை" என்று தெலுங்கில் படித்தேன். ஆறாயிரத்து நூற்று அறுபது. நைனா அறை ஜன்னலிலிருந்து கையை உயர்த்தினார். இரண்டாவது. மூன்றாவது. வரிசை நகர ஆரம்பித்ததும் கூச்சல் அடங்கியது. ஏழாவது வண்டிவரை எல்லாம் ஒழுங்காகவே போயிற்று.

எட்டாவது வண்டியின் எடையைப் படித்தேன். நைனா காதில் கை வைத்து, மறுபடி என்று சைகை காட்டினார். படித்தேன். மறுபடி சைகை. படித்தேன். மூன்றாவது தடவையும் காதில் கை.

காலையிலிருந்து சாப்பிடவில்லை. தலைக்கு மேல் தகரக் கூரை. முன்னால் மைக் இருப்பது மறந்துபோயிற்று.

"நைனா! எத்தினி வாட்டி சொல்றது? காதுல பஞ்சு வெச்சிக்கினு கீறியா? காத்தால பிரஷர் மாத்திர துன்னியா இல்லியா நீ?"

இரண்டு ஒலிபெருக்கிகள். ஒன்று வாசலைப் பார்த்து, ஒன்று ரோட்டைப் பார்த்து. "இல்லியா நீ" என்பது எதிர்ப்பக்கத்துக் கிடங்குச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

பிறகு மீசைக்காரர் தன் வண்டியின் மேல் ஏறி நின்றார்.

"முனிரத்தினம்! இப்ப செப்பய்யா! எந்தத் தெருவு?"

சிரிப்பு வாசலில் ஆரம்பித்து, காலையில் பஸ் கவிழ்ந்த செய்தி போன அதே வேகத்தில் வரிசையின் கடைசிவரை போயிற்று. டிரைவர்கள் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தார்கள். எனக்காகக் கும்பிட்ட அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மேனேஜர் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

நைனா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"என் பொண்ணுதான்யா! இன்னா இப்போ? தப்பு பண்ணிச்சு, நின்னுக்கினுதான கீது? ஓடியா பூட்ச்சு?" பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தணித்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "மாத்திர துன்னேன். நீ நம்பர சொல்லு."

சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒருவரும் என்னைத் திட்டவில்லை. மேடையை விட்டு இறங்குகிற ஒவ்வொரு டிரைவரும் கூண்டுப் பக்கம் தலையை நீட்டி, "அம்மா, மாத்திர நானும் துன்ட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எங்கள் டிராக்டரின் முறை வந்தபோது, விவசாயிகளின் ஆள் தன் வண்டிக்குத் தானே கையெழுத்துப் போடக்கூடாது என்று நைனா எழுந்துவிட்டார். மீசைக்காரர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். காய்களை ஃபாக்டரி எடுத்துக்கொண்டது. அடியில் நசுங்கிய இரண்டு கூடை மட்டும் திரும்பி வந்தது. (அம்மா அதை ஒரு வாரம் குழம்பு, பச்சடி, சாறு என்று விதவிதமாகப் போட்டுத் தீர்த்தாள். சாப்பாட்டில் உட்காரும்போதெல்லாம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் பரிமாறினாள்.)

ஐந்து மணிக்கு மேல் பாஸ்கர் சார் வந்தார். மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம், ஒரு கையில் லட்டுப் பை, மறு கையில் பென் டிரைவ். பழைய கெர்னலை அதிலிருந்து எடுத்துப் போட்டு கால் மணி நேரத்தில் கம்ப்யூட்டரை எழுப்பிவிட்டார். மேனேஜர் கொதித்துக்கொண்டு வந்தவர், மொட்டையையும் சந்தனத்தையும் பார்த்ததும் கையைக் கூப்பிவிட்டார். லட்டு வாங்கிக்கொண்ட பிறகு எப்படித் திட்டுவது?

என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று பையைக்கூட எடுத்து வைத்திருந்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"உட்காரு. பட்டியலைத் திற. அந்த ஒண்ணை ஆன் பண்ணு."

அடித்தேன்.

"இப்போ கையை மடியில வெச்சுக்கோ."

வைத்துக்கொண்டேன். இந்த முறை கட்டி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. இரண்டாவது மேடை அன்றே ஓடியது. ஆனால் அதன் பெருமையைக் கேட்க வரிசையில் ஒருவரும் மிச்சமில்லை.

திரும்பும்போது காலி டிராக்டரில் நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். புத்தூர் தாண்டியது. அப்புறம் அவராகவே, "நான் அப்டி சொன்னது உனுக்குக் கேட்டுச்சா?" என்றார்.

"எது நைனா?"

"ஒண்ணுமில்ல. கேக்கலன்னா வுடு."

கேட்கவில்லை என்றே விட்டுவிட்டேன். விடாதவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். மாங்காய் கொண்டு போனவர்கள் மூலம் கதை எனக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. என் நிச்சயதார்த்தத்தில் "பொண்ணோட அப்பா முன்ன வாங்க" என்று ஐயர் கூப்பிட்டபோது, பந்தலில் பாதிப்பேர் "எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கம் சொல்லவே அரைமணி நேரம் ஆகி, நல்ல நேரம் தாண்டப் பார்த்தது.

நைனாவுக்கும் அன்றிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. தெரியாத நம்பரிலிருந்து யாராவது "கோமதியோட அப்பாவா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லவே மாட்டார். "இன்னா சேதி?" என்றுதான் முதலில் கேட்பார்.

போன வருஷம் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்குப் பிரசவம். விடிகாலையிலிருந்து வராந்தாவில் நடந்துகொண்டே இருந்த நைனா அப்போதுதான் உட்கார்ந்தாராம். என் கணவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரம், நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்து, கோமதியின் அப்பா யார் என்று தெலுங்கில் கேட்டிருக்கிறார்.

"கோமதி நான்னகாரு எவரண்டி?"

அங்கே உட்கார்ந்திருந்த ஆண்பிள்ளை நைனா ஒருவர்தான். அப்படியும் அவர் எழுந்திருக்கவில்லை.

"மொதல்ல இன்னா ஆச்சுன்னு சொல்லும்மா."

"பாப்ப புட்டிந்தி. தாயும் பாப்பாவும் நல்லா இருக்காங்க."

"அப்டின்னா நான்தான்" என்று சொல்லிக்கொண்டு நைனா எழுந்தாராம்.